பழைய வீட்டுத் தரை: பாலீஷ் போதுமா, பெயர்த்துப் போட வேண்டுமா? சென்னை வீடுகளுக்கான கேள்வி பதில்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம், பெரம்பூர் பக்கம் உள்ள பழைய தனி வீடுகளையும், 1970, 80களில் கட்டிய அடுக்குமாடி வீடுகளையும் மனத்தில் வைத்து எழுதியது. புது வீட்டுக்கு இதில் பாதிக்கு மேல் தேவைப்படாது.

டைல்ஸ் கடைக்குப் போகும் முன் வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

கடைக்குப் போவது நான்காவது வேலை. முதல் வேலை, தரையைத் தட்டிப் பார்ப்பது. ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து அறை முழுக்க ஓர் அடிக்கு ஓர் இடம் என்று தட்டுங்கள். கெட்டியான சத்தம் வரும் இடமும் பொள்ளலாகச் சத்தம் வரும் இடமும் தெளிவாகப் பிரியும். பொள்ளல் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வட்டம் விழுந்தால் அந்தத் தரையின் மேல் எதையும் ஒட்டக் கூடாது.

இரண்டாவது, மட்டம். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து நான்கு மூலையையும் நடுவையும் குறித்துக்கொள்ளுங்கள். அறையின் நடுப்பகுதி அரை அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால், அடியில் நிரப்பிய மண் அமுங்கியிருக்கிறது என்று பொருள். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த டைல்ஸ் போட்டாலும் விரிசல் விடும்.

மூன்றாவது, ஈரம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். எடுக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ, கீழிருந்து ஈரம் ஏறுகிறது. இதைச் சித்திரை வெயிலில் செய்துவிட்டுத் தரை காய்ந்திருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். கார்த்திகை மழையில் ஒருமுறை செய்தால்தான் உண்மை தெரியும்.

எந்தத் தரையைக் காப்பாற்றலாம்? எதை விட்டுவிடலாம்?

மொசைக் கெட்டியாக இருந்தால் கண்டிப்பாகக் காப்பாற்றுங்கள். இன்று கடையில் கிடைக்கும் எந்தப் பளபளப்பு டைலையும் இரண்டாம் முறை தேய்த்துப் புதிதாக்க முடியாது, மொசைக்கை முடியும். கடப்பா கல்லும் அப்படித்தான். ரெட் ஆக்சைடு தரையில் மயிரிழை விரிசல் மட்டும் இருந்தால் விட்டுவைக்கலாம். ஆத்தங்குடிக் கல் பெயராமல் இருந்தால் அதன் மேல் மெஷினே ஏற்ற வேண்டாம்: வண்ணம் இருப்பது மேல் அடுக்கில் சில மில்லிமீட்டர் மட்டுமே, அரைத்தால் பூ அழியும். சோப்புக் கலக்காத தண்ணீரில் துடைத்து, காய்ந்தபின் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்தால் போதும்.

தயங்காமல் பெயர்க்க வேண்டியது 1990களில் போட்ட மலிவு செராமிக் டைல்ஸ். மேல் பூச்சு தேய்ந்துவிட்டால் அதற்கு வைத்தியம் இல்லை.

மொசைக் பாலீஷ் எப்படிப் போடுவார்கள்? எங்கே கெடும்?

அறையை முழுசாகக் காலி செய்ய வேண்டும். கட்டிலை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போடுவது என்றால் நடுவில் ஒரு கோடு நிரந்தரமாகத் தெரியும்.

முதலில் ஓட்டை, சிராய்ப்பு, உடைந்த விளிம்பு எல்லாவற்றையும் வெள்ளை சிமெண்டில் தரையின் நிறத்துக்கு ஆக்சைடு கலந்து அடைப்பார்கள். நிறத்தை ஈரத்தில் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். ஓர் அட்டையில் தடவிக் காயவைத்துப் பாருங்கள், காய்ந்தால் ஒரு படி வெளுக்கும். அடைத்தது இறுக மூன்று நாளாவது வேண்டும். அன்றே மெஷின் ஓட்டினால் அடைத்ததெல்லாம் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

பிறகு தண்ணீர் விட்டபடி அரைப்பு. கல் வைத்த பழைய மெஷின் என்றால் 60, 120, 220, 320 என்று நம்பர் ஏறும். டயமண்ட் பேடு என்றால் 50, 100, 200, 400, 800, 1500 வரை போகலாம். கண்ணாடி மாதிரி வேண்டுவோர் 3000 கேட்பார்கள். வீட்டுக்கு 800 போதும் என்பதே எங்கள் கருத்து. அதற்கு மேல் போனால் வயதானவர்கள் ஈரக்காலோடு நடக்கப் பயப்படுவார்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் நடு நம்பரைத் தாண்டும்போதுதான். 60 போட்டுவிட்டு நேராக 220 போட்டால், முதல் கல் விட்ட வட்டக் கீறலை அடுத்த கல்லால் எடுக்க முடியாது. விளக்கு வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் அறை முழுக்கச் சுழிசுழியாகத் தெரியும். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் தரையைக் கழுவி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளிச்சம் படுகிற கோணத்தில் பார்த்துவிட்டே அடுத்த நம்பருக்கு அனுமதி கொடுங்கள். சுவரோரம் நாலு அங்குலத்துக்குப் பெரிய மெஷின் போகாது. கை மெஷினில் அதே வரிசையில் தேய்க்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டால் அறையைச் சுற்றிக் கறுப்பு பார்டர் கட்டின மாதிரி நிற்கும்.

கடைசியில் ஆக்சாலிக் அமிலப் பொடி தூவி ஈரத்தில் தேய்ப்பது பழைய முறை. அளவாகப் போட்டு உடனே கழுவினால் தவறில்லை. கறை போக வேண்டுமென்று பாத்ரூம் ஆசிட் ஊற்றுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் அனுமதிக்கக் கூடாது. மொசைக்கில் இருப்பது சலவைக்கல் சில்லு. ஆசிட் பட்டதும் நுரைத்துக் குழி விழும், சிமெண்டும் அரிக்கும்.

அரைத்த சேறு பற்றி ஒரு வார்த்தை. அதைப் பாத்ரூம் ஓட்டையில் தள்ளினால் குழாய்க்குள் போய் சிமெண்டாக இறுகும். பிளாஸ்டிக் முறத்தால் வாரி வாளியில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு, கசடைச் சாக்கில் கட்டச் சொல்லுங்கள். சுவரில் மூன்றடி உயரத்துக்குத் தாள் ஒட்டுவதும் இதே பேச்சில் சேர வேண்டும்.

மொசைக் டைல் பத்து பன்னிரண்டு உடைந்திருக்கிறது. அதே டிசைன் கிடைக்குமா?

கடையில் கிடைப்பது அரிது. வீட்டிலேயே தேடுங்கள்: அடுப்பு மேடைக்கு அடியில், ஸ்டோர் ரூமில், பீரோ நிற்கும் மூலையில் அதே டைல் இருக்கும். அங்கிருந்து பெயர்த்துக் கூடத்தில் பதித்து, காலியான மறைவிடத்துக்கு ஏதாவது ஒன்றைப் போடலாம். சுற்றிலும் கட்டரால் இணைப்பை அறுத்துவிட்டு உளியை நடுவிலிருந்து போட்டால் பக்கத்து டைல் தப்பும். பெயர்க்கும் டைலில் மூன்றில் ஒன்று உடையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரெட் ஆக்சைடு தரையில் விரிசல். ஒட்டுப்போட்டால் தெரியுமா?

தெரியும். எவ்வளவு கைதேர்ந்த கொத்தனார் என்றாலும் தெரியும். பழைய சிவப்பு பல வருட எண்ணெயும் கால்தேய்ப்பும் சேர்ந்து வந்த நிறம். விரிசலை அகலப்படுத்தி அடைத்தால் நூல் போல இருந்தது நாடா போல ஆகும். விரிசல் வளரவில்லை, கால் தடுக்கவில்லை என்றால் விட்டுவிடுவது நல்லது.

ஓர் அறையைப் புதிதாகப் போடுவதானால்: கெட்டியான பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) மேல் முக்கால் அங்குலம் சிமெண்டும் மணலும் 1:3 கலவை, அது இறுகும் முன்பே மேலே ஆக்சைடு கலந்த 3 மி.மீ. பூச்சு. 10 கிலோ சிமெண்டுக்கு 1 கிலோ ஆக்சைடு என்பது மேல் எல்லை. நிறம் தூக்கலாக வேண்டுமென்று அதிகம் போட்டால் மேற்பரப்பு பொடியாக உதிரும். அறைக்கு வேண்டிய முழுப் பொடியையும் ஒரே தடவையில் உலர்வாகக் கலந்து சலித்து வைக்க வேண்டும். பாதியில் தீர்ந்து இன்னொரு கலவை போட்டால் நிறம் இரண்டாகப் பிரியும். நான்கடிக்கு நான்கடி கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் பிரித்தால், வரும் விரிசல் பட்டையோடு நின்றுகொள்ளும். மறுநாளிலிருந்து ஏழு நாள் தண்ணீர் கட்ட வேண்டும், அதுவும் மெட்ரோ வாட்டர். உப்பு போர் தண்ணீரைக் கட்டினால் சிவப்பின் மேல் வெள்ளை பூக்கும். ஈரச் சாக்கு போடாதீர்கள், சாக்கின் அச்சு அப்படியே பதியும். எண்ணெய் தேய்ப்பது முழுக்கக் காய்ந்த பிறகு, மூன்று நான்கு வாரம் கழித்து.

இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். முன்பு அவர்கள் போட்ட தரை ஒன்றை நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா?

தரை கெட்டி, மட்டம் சரி, ஈரம் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் ஒட்டலாம். சத்தமும் தூசியும் ரப்பிஷும் மிச்சம். ஆனால் டைலும் பசையும் சேர்ந்து 12 முதல் 15 மி.மீ. உயரும். எல்லாக் கதவையும் கழற்றி அடியை இழைக்க வேண்டும். இரும்பு கேட்டு என்றால் வெட்டி வெல்டிங். மாடிப்படியின் முதல் படி அரை அங்குலம் குட்டையாகும், கால் அதைக் கண்டுபிடித்துத் தடுமாறும். குளியலறை வாசலில் தடுப்புக் கல் உயரம் போதாமல் தண்ணீர் அறைக்குள் வரும்.

பழைய தரையின் மெழுகையும் எண்ணெயையும் எடுக்காமல் எந்தப் பசையும் பிடிக்காது. ரெட் ஆக்சைடு தரை பல வருடம் எண்ணெய் குடித்தது, அதை மெஷினில் சுரண்டியே ஆக வேண்டும். பசை மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற எண் இருக்கிறதா, பழைய டைல் மேல் ஒட்டுவதற்கான வகை என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். விட்ரிஃபைட் டைல் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் வெறும் சிமெண்ட் பால் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளாது.

மாடியில் மெட்ராஸ் டெரஸ். அங்கே டைல்ஸ் போடலாமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, சின்னச் செங்கல்லைச் சாய்வாகக் குத்துவசத்தில் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூன்று நான்கு அங்குலம் இடித்துக் கெட்டிப்படுத்திய தளம். கம்பி கிடையாது. பாரம் முழுக்க மரத்தில்.

12க்கு 15 அடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள், 180 சதுர அடி. இரண்டு அங்குலக் கலவை சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 10 கிலோ, டைல் 2 கிலோ. ஆக 2 டன்னுக்கு மேல் புதுப் பாரம், அதுவும் எப்போதும் இறங்காத பாரம். மரத்தின் முனை சுவருக்குள் இருக்கிறது, உளுத்துப்போவதும் முதலில் அங்கேதான். கீழ் அறையிலிருந்து ஏணி போட்டு ஒவ்வொரு கட்டையின் முனையிலும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் தரை வேலையை நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மரம் நன்றாக இருந்தாலும் பிரேக்கர் மெஷின் ஏறக் கூடாது. அந்த அதிர்வில் செங்கல் இணைப்பு விடும், கீழே கூரைப் பூச்சு கொட்டும். மேல் பூச்சைக் கை உளியால் மட்டும் எடுத்து, சுண்ணாம்பு ஜல்லியைத் தொடாமல், 8 மி.மீ. டைலை மெல்லிய பசையில் ஒட்டுவது ஒரு வழி. இருக்கும் தரையைப் பாலீஷ் போட்டு விட்டுவிடுவது அதைவிட நல்ல வழி. பெயர்த்த ரப்பிஷை அறை நடுவில் குவிக்காமல் அவ்வப்போது இறக்குங்கள்.

தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. தரையையும் ஓர் அடி உயர்த்திவிடலாமா?

சென்னையில் அடிக்கடி வரும் கேள்வி. தாரின் மேல் தார் போட்டே பல தெருக்கள் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டன. பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதிது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலர் உத்தரவிட்டார். அதற்கு முன்பே உயர்ந்த தெரு உயர்ந்ததுதான்.

ஓர் அடி ஏற்றினால் என்ன ஆகும் என்று வரிசையாக எண்ணிப் பாருங்கள். ஏழடி நிலை ஆறடியாகும், உயரமானவர் தலை இடிக்கும். எனவே நிலையைத் தூக்க வேண்டும், அதன் மேலுள்ள லிண்டலும் சேர்ந்து வரும். இரண்டரை அடியில் இருந்த ஜன்னல் ஒன்றரை அடிக்கு இறங்கும், குழந்தை இருக்கும் வீட்டில் அது ஆபத்து. அடுப்பு மேடை, சுவிட்ச் போர்டு, கழிப்பறைக் கோப்பை, மாடிப்படி எல்லாம் மாறும். கூரை பத்தடி இருந்தால்தான் இதை யோசிக்கவே வேண்டும்.

பலரும் கவனிக்காதது சுவரின் ஈரம். அஸ்திவாரத்து ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு, அப்படி ஒன்று இருந்தால், பழைய தரை மட்டத்தில் இருக்கும். அதற்கு மேல் ஓர் அடி மண் நிரப்பினால் ஈரம் அந்த அடுக்கைத் தாண்டிச் சுவருக்குள் நுழையும். இரண்டு மழைக்குள் புதுப் பெயிண்ட் உரியும். எனவே நிரப்பும் முன் உள்பக்கச் சுவரின் பழைய பூச்சைப் புதிய தரை மட்டத்துக்குச் சற்று மேல் வரை எடுத்து, சிமெண்ட் பூசி, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடிக்க வேண்டும்.

600 சதுர அடிக்கு ஓர் அடி என்றால் அமுக்கிய பின் 600 கன அடி, அதாவது 6 யூனிட். வாங்கும்போது ஏழரை யூனிட்டாவது வேண்டும். களிமண் ஆகாது, கிராவல் அல்லது பாறைத்தூள். ஆறு அங்குலம் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு, மறுபடி ஆறு அங்குலம். ஒரே நாளில் முழுக்கக் கொட்டி மூடினால் அடுத்த வருடம் நடுவில் பள்ளம் விழும். அதன் மேல் சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 விகிதத்தில் பி.சி.சி. மூன்று அங்குலம்.

வெள்ளம் வருடத்துக்கு ஒருமுறை வாசலில் மட்டும் நிற்கிறதென்றால், வாசலில் உயர்ந்த படியும் சுற்றிலும் வடிகாலும் கட்டுவது மிக மலிவு.

மரத்தரை, எஸ்.பி.சி., வினைல் எல்லாம் சென்னைக்குச் சரியா?

தரைத்தளத்தில் லேமினேட் வேண்டாம். உள்ளே இருப்பது அமுக்கிய மரத்தூள். 2015 டிசம்பர் மாதிரியோ 2023 மிக்ஜாம் மாதிரியோ அரை அங்குலத் தண்ணீர் நின்றாலும் ஊதி விளிம்பு தூக்கும். எஸ்.பி.சி. பலகை கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது, ஊதாது. ஆனால் ஈரம் ஏறும் தரையை மூடினால் அடியில் பூஞ்சை பிடித்து முடைநாற்றம் வரும். மேலே சொன்ன பாலித்தீன் சோதனையில் தேறினால் மாடி அறைக்கு எஸ்.பி.சி. போடலாம். சுவரோரம் 8 மி.மீ. இடைவெளி விடாமல் போட்டால் வெயில் படும் ஜன்னலருகே மேடு கட்டும்.

தரை திறந்திருக்கும்போதே முடிக்க வேண்டியவை?

கரையான் மருந்து, பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், தரைக்குள் ஓடும் ஒயர். தரையைப் பெயர்க்காத வீடு என்றால் சுவரும் தரையும் சேரும் மூலையில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, துளைக்கு 1 லிட்டர் மருந்துக் கரைசல் இறக்குவார்கள். டைல்ஸ் போட்ட பிறகு அழகான புதுத் தரையில் இந்தத் துளைகளைப் போட யாருக்கும் மனம் வராது, அதனால் முன்பே செய்யுங்கள். ஜி.ஐ. குழாய் ஒழுகாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

600 சதுர அடிக்கு எவ்வளவு பொருள் வாங்க வேண்டும்?

2க்கு 2 அடி டைல் ஒரு பெட்டியில் நான்கு, 15.5 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்கு 8 சதவீதம் சேர்த்தால் 648 சதுர அடி, 42 பெட்டி. பழைய வீட்டு மூலைகள் செங்கோணத்தில் இருக்காது, ஆகவே 5 சதவீதம் போதாது. பெட்டி மேல் இருக்கும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் 42க்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்கர்டிங் (சுவரின் அடியோரம் ஒட்டும் பட்டை) இதில் சேரவில்லை.

பசை: 20 கிலோ மூட்டை 3 மி.மீ. கனத்தில் சுமார் 48 சதுர அடி வரும், 13 மூட்டை. தரை ஏற்ற இறக்கமாக இருந்து 5, 6 மி.மீ. போனால் 22 முதல் 25 மூட்டை வரை ஓடும். கலவையில் பதிப்பதானால் இரண்டு அங்குலத்துக்கு 1:5 விகிதத்தில் 18 மூட்டை சிமெண்ட், எம்-சாண்ட் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், சிமெண்ட் பாலுக்கு மேலும் மூன்று மூட்டை.

ரப்பிஷ் எவ்வளவு வரும்? எங்கே போடுவது?

600 சதுர அடியில் மூன்று அங்குலம் பெயர்த்தால் 150 கன அடி, எடையில் 8 டன்னைத் தாண்டும். ஏறத்தாழ 300 சாக்கு. குட்டி யானையில் பதினோரு பன்னிரண்டு நடை. தெருவோரமோ ஏரிக்கரையோ கொட்டினால் அபராதம். மாநகராட்சிக்குக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கட்டடக் கழிவு பிரித்தெடுக்கும் நிலையங்கள் உண்டு. மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். அகற்றும் செலவு யார் கணக்கில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், மேஸ்திரியோடு வரும் சண்டைகளில் முக்கால்வாசி இதில்தான்.

ஒட்டி இரண்டு வருடத்தில் டைல்ஸ் கூடாரம் மாதிரி தூக்கிக்கொள்கிறதே, ஏன்?

இடைவெளி இல்லாமல் முட்டி முட்டி ஒட்டியதுதான் முதல் காரணம். வெயிலில் விரியும் டைலுக்குப் போக இடமில்லை, மேலே எழும். 2 மி.மீ. ஸ்பேசர் வையுங்கள், சுவரோரம் 8 மி.மீ. விட்டு அதை ஸ்கர்டிங்கால் மறையுங்கள். இரண்டாவது காரணம், டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை வைத்து ஒட்டுவது. பல்லுள்ள கரண்டியால் தரை முழுக்கப் பசை இழுக்கச் சொல்லி, பத்தில் ஒரு டைலை உடனே தூக்கி முதுகைப் பாருங்கள். பசை முழுக்கப் படிந்திருக்க வேண்டும்.

எந்த மாதத்தில் ஆரம்பிப்பது?

பொங்கல் முடிந்ததும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பி.சி.சி. காயாது, மணல் நனைந்து வரும். மே மாத வெயிலில் கலவை சீக்கிரம் உலர்ந்து விரிசல் விடும் என்பதால் ஜன்னலைத் திரையிட்டு, காலை மாலை தண்ணீர் தெளிக்க வேண்டும்.

ரேட் பேசும்போது எதைக் கேட்க வேண்டும்?

சதுர அடி ரேட்டில் பெயர்ப்பு, மட்டம் சரிசெய்தல், கிரௌட் (டைல் இடைவெளியை அடைக்கும் கலவை), மாடிக்குப் பொருள் ஏற்றுக்கூலி சேருமா என்று. ஸ்கர்டிங் தனியாக ஓடும் அடியில் போகும். டைல் வெட்டுவது தண்ணீர் விட்டு வெட்டும் மெஷினிலா என்றும் கேளுங்கள்; உலர் கட்டரில் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடு, வெட்டுபவருக்கு முதலில்.

குளியலறைக்குத் தனியாக என்ன?

எட்டடிக்கு ஓர் அங்குலம் சரிவு, தண்ணீர்க் குழி நோக்கி. நீர்த்தடுப்புப் பூச்சு தரையிலும் சுவரில் ஓர் அடி வரையும். அதன் மேல் இரண்டு நாள் தண்ணீர் கட்டிக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்த பிறகே டைல்ஸ். சொரசொரப்பான டைல் மட்டும்.

முடிந்ததும் எப்போது நடக்கலாம்? எதைக் கொண்டு துடைப்பது?

பசையில் ஒட்டியது ஒரு நாளில் கால் தாங்கும், பீரோவுக்கு ஏழு நாள் கொடுங்கள். கிரௌட் மறுநாள். சிமெண்ட் கறை எடுக்க மேஸ்திரி ஆசிட் பாட்டிலைத் திறந்தால் தடுத்துவிடுங்கள், கிரௌட் வெளுக்கும். எபாக்ஸி கிரௌட்டின் படலத்தை அன்றே ஸ்பாஞ்சால் எடுக்காவிட்டால் பிறகு வராது. மொசைக்குக்கும் கடப்பாவுக்கும் பினாயிலைவிட, வாளிக்கு ஒரு மூடி மிதமான சோப்புத் திரவம் நல்லது. எலுமிச்சை, வினிகர் கலந்தது எதுவும் வேண்டாம். மிஞ்சிய டைலில் ஒரு பெட்டியைப் பேட்ச் எண்ணோடு பரண் மேல் வையுங்கள், குழாய் உடைந்து தரையைத் திறக்க நேரும் நாளில் அதே நிறம் கடையில் இருக்காது.